வைக்கோலுக்கு வைத்த கொள்ளி

தேசூர்
6-2-79

அன்புள்ள அண்ணனுக்கு,

செத்துப்போன தங்கை விருத்தாம்பாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் செல்லியம்மாள் அத்தையும் பலராமன் மாமாவும் சுகம். எனக்காக மொட்டை அடித்துக்கொண்ட அப்பாவுக்கும் உங்களுக்கும் தலையில் வெயில் உறைக்காமல் இருக்கிறதா? அண்ணி சின்னபொண்ணுவுக்கு மசக்கை வாந்தி நின்றதா?

என் சாவு நன்றாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். சந்தைக்கு வந்த ஆரணி ஆள் மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனான். வைக்கோலில் ஆள் உயரத்துக்கு உருவம் கட்டி, அதற்கு என் பச்சைச் சேலையைச் சுற்றி, ஆற்று மணலில் வைத்து அப்பா கொள்ளி போட்டாராம். அந்தச் சேலைக்கு நூல் இழைத்தது நான், நெய்ததும் நான். கொளுத்துவதற்கு வீட்டில் வேறு கந்தல் கிடைக்கவில்லையா?

அது போகட்டும். நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கை ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன், மறந்துவிடாமல் இருக்க. குப்புராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னதும் ஜாதி கெட்டவளை வெட்டிப் போடு என்று பெரியவர்கள் அப்பாவிடம் சொன்னார்கள். அப்போது நீங்கள்தான் நடுவில் வந்தீர்கள். வெட்ட வேண்டாம், செத்துவிட்டாள் என்று தலை முழுகிவிடலாம் என்றீர்கள். பதினாறாம் நாள் கருமாதியும் செய்துவிட்டால் அவள் எங்கே போனாள், யாரோடு இருக்கிறாள் என்று நம் ஜனத்தில் யாரும் கேட்கக் கூடாது, உயிரோடு இருக்கிறாள் என்று வாயைத் திறக்கவும் கூடாது, அதுதான் வழக்கம் என்றீர்கள். வெளியாட்களுக்கு நான் தேசூரில் வாந்திபேதியில் போய் இங்கேயே எரிந்தவள், அதனால்தான் அங்கே வைக்கோல். பெங்களூரில் இருக்கும் குப்புராஜுக்கு மட்டும், பட்டு நூல் கொண்டுவரும் ராமதாஸ் மூலமாக, இது வெறும் சடங்குதான், அவள் தேசூரில் இருக்கிறாள், வந்து அழைத்துக்கொண்டு போ என்று சொல்லியனுப்புவதாகச் சொன்னீர்கள்.

சொல்லியனுப்பியாகிவிட்டதா? அவன் எந்த ஆலையில் வேலை செய்கிறான், எங்கே தங்குகிறான் என்பது நமக்குத் தெரிந்தவர்களில் ராமதாஸுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தால் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னபடி பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். நீங்கள் மாமா பேருக்கு எழுதுங்கள். செத்தவள் பேருக்குத் தபால் வந்தால் தபால்காரன் பயந்துவிடுவான்.

இப்படிக்கு
விருத்தாம்பாள்


சேவூர்
11-2-79

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஜெயவேல் எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு அடிக்கடி எழுது. அண்ணிக்கு வாந்தி குறையவில்லை, புளிப்பாகக் கேட்கிறாள். தறி இரண்டும் நின்றுதான் கிடக்கின்றன. தீட்டு வீடு, பதினாறு கழியாமல் பட்டைத் தொடக் கூடாது அல்லவா. அப்பா யாரோடும் பேசுவதில்லை.

ராமதாஸ் விஷயம். அவர் போன வாரமே நூல் மூட்டையோடு வந்தார். தெருமுனையிலேயே யாரோ நம் வீட்டில் சாவு என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியே திரும்பிவிட்டார். கல்யாணச் சேலைக்குப் போகிற நூலைக் கையில் வைத்துக்கொண்டு சாவு வீட்டு வாசலை அவர் மிதிக்க மாட்டார், என் முகத்தில் விழிக்கவும் மாட்டார். நான் தெருவில் நின்று கை காட்டினேன். பங்காளிகள் பக்கத்தில் இருந்தார்கள், கூப்பிட முடியவில்லை. மொட்டைத் தலையோடு ஆரணியில் எந்தப் பட்டுக் கடைக்குள்ளும் நான் போகவும் முடியாது. பொய்ச் சாவுக்கும் தீட்டு நிஜமாக வரும் என்பதை நாம் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

நீ கவலைப்படாதே. கருமாதி 17-ஆம் தேதி. அதற்கடுத்த நடையில் ராமதாஸ் வருவார். அப்போது நேரில் சொல்லிவிடுகிறேன். குப்புராஜுக்கு இந்தச் சேதி பெங்களூர் வரைக்கும் எட்டியிருக்காது. அத்தைக்கு வீட்டு வேலையில் ஒத்தாசையாக இரு. மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு
ஜெயவேல்


தேசூர்
13-2-79

அண்ணனுக்கு,

விருத்தாம்பாள் எழுதியது. சுகம் எல்லாம் பிறகு விசாரித்துக்கொள்வோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அத்தையின் அம்மிக் குழவியைத் தூக்கி யார் தலையிலாவது போடலாம் போலிருந்தது. எட்டியிருக்காது என்று எழுதுகிறீர்கள். சாவுச் சேதி சொல்லச் சடையனைத்தானே அனுப்பினீர்கள்? அவன் எந்தத் தெருக்காரன்? குப்புராஜின் அம்மா முனியம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரன். ஊரெல்லாம் சொன்னவன் அவளிடம் சொல்லாமல் இருந்திருப்பானா? அவள் மகனுக்குச் சொல்லியனுப்பாமல் இருப்பாளா? அந்தத் தெருவிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாத வீடு உண்டா?

ராமதாஸுக்குத் தீட்டு, பட்டுக் கடைக்குத் தீட்டு. முனியம்மாவுக்கு என்ன தீட்டு? அவள் உங்களைத் தொட்டால் உங்களுக்குத்தான் தீட்டு என்று நினைக்கிற ஜனம் நாம். அவள் வீடு நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். களத்து மேட்டைத் தாண்டினால் வந்துவிடும். போய், "உன் மகனுக்குச் சொல்லு, அவ உசுரோட கீறா" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன பேஜார்? அவள் வெளியில் உளறிவிடுவாள் என்று பயமா, இல்லை அந்தத் தெருவுக்குள் கால் வைக்கக் கூச்சமா? உண்மையை எழுதுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே போங்கள். ஜல்தியாகப் போங்கள். கருமாதி முடியட்டும், இலை எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அவன் முரடன் இல்லை, ஆனால் மனசில் ஒன்று விழுந்தால் அதையே பிடித்துக்கொண்டு கிடப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

விருத்தாம்பாள்


சேவூர்
24-2-79

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் ஜெயவேலின் வணக்கம். தங்கள் நலத்தையும் அத்தை நலத்தையும் கோருகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் தனியே படிக்கவும். விருத்தா கண்ணில் படக் கூடாது.

மாமா, குப்புராஜ் இறந்துவிட்டான்.

சடையன் சொல்லி முனியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பெங்களூருக்குக் கொத்து வேலைக்குப் போன ஆளிடம் அவள் மகனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அது நிஜச் சாவு. மனசைத் தேற்றிக்கொள், ஊருக்கு வராதே என்றுதான் சொல்லியனுப்பினாளாம். அவன் புறப்பட்டு வந்துவிட்டான். கருமாதி அன்று ஆற்றங்கரையில் அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். அக்கரையில் அவன் நின்றான். நான் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான், என் மொட்டைத் தலையைப் பார்த்தான். விருத்தா எழுதிய கடிதம் அன்று காலையில்தான் என் கைக்கு வந்திருந்தது. அது என் இடுப்பில் இருந்தது. சுற்றிலும் பங்காளிகள். சடங்கு நடுவில் எழுந்து அவனிடம் போனால் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். பந்தி முடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

பந்தி முடிந்து போனபோது அவன் அங்கே இல்லை. மறுநாள் வயல் கிணற்றில் கண்டெடுத்தார்கள்.

அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் சுபாவம் தங்களுக்குத் தெரியும். அவள் இங்கே ஓடிவந்தால், அவள் உயிரோடு இருப்பது முனியம்மாவின் தெருவுக்குத் தெரிந்தால், எங்கள் வீட்டைக் கொளுத்திவிடுவார்கள். போலீஸ் வரும். சின்னபொண்ணு வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். நாளாக ஆக விருத்தா தானே மறந்துவிடுவாள். அதுவரை தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
ஜெயவேல்


தேசூர்
20-3-79

அண்ணனுக்கு,

விருத்தாம்பாள் எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இங்கே எனக்குக் கிடைக்கிற உபசாரத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறாமையாக இருக்கும். அத்தை என்னைப் பாத்திரம் தேய்க்க விடுவதில்லை. சோற்றில் நெய்யை ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாமா நான் வந்தால் எழுந்து போய்விடுகிறார். சாவு வீட்டுக்காரர்களிடம்தான் ஜனங்கள் இப்படி நடந்துகொள்வார்கள். செத்தது நான்தான் என்று இவர்களுக்கு மறந்துவிட்டதா?

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முனியம்மாவிடம் போனீர்களா? ராமதாஸ் வந்தாரா? ஆம், இல்லை என்று ஒரு கார்டில் எழுதிப் போட என்ன கேடு?

நானாக ஒன்று யோசித்துப் பார்த்தேன். சேதி அவனுக்குப் போயிருக்கும். நான் உயிரோடு இருப்பது தெரிந்தும் அவன் வராமல் இருக்கிறான். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. மாமா கண்ணைத் தாழ்த்துவதும் அதற்குத்தான். அப்படித்தானே? பெங்களூரில் வேறு எவளாவது கிடைத்திருப்பாள். அவனுக்காக நான் அப்பாவிடம் அடி வாங்கினேன், தெருவில் தலை குனிந்தேன், உயிரோடு கொள்ளி வாங்கிக்கொண்டேன். அவன் அங்கே சினிமா பார்த்துக்கொண்டு திரிகிறானா?

அப்படி இருந்தால் எழுதுங்கள். நான் அழ மாட்டேன். அவனை எங்கேயாவது பார்த்தால் செருப்பைக் கழற்றுவேன், அவ்வளவுதான்.

விருத்தாம்பாள்


சேவூர்
16-4-79

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலமே. சித்திரை பிறந்ததும் வெயில் தாங்கவில்லை. அண்ணிக்கு இப்போது சாப்பாடு இறங்குகிறது. தறி ஓட ஆரம்பித்துவிட்டது. உடனே எழுத முடியாமல் போனதற்கு வேலைதான் காரணம்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. நீ நினைத்தது போலத்தான் என்று வைத்துக்கொள். ராமதாஸைப் பார்த்தேன். அவன் அந்த ஆலையில் இப்போது இல்லையாம். இனி அவனை எதிர்பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. அவனைத் திட்டவும் வேண்டாம், நினைக்கவும் வேண்டாம்.

வந்தவாசியில் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் ஒருவர் இருக்கிறார். மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. மாமாவுக்குத் தெரிந்தவர்தான். உன்னை மாமாவின் அண்ணன் மகள் என்று சொல்லிக் கட்டிக்கொடுக்கலாம். பேரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. யோசித்துப் பதில் எழுது.

இப்படிக்கு
ஜெயவேல்


தேசூர்
21-4-79

அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

யோசித்தேன். சரி என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு என்ன பேர் பிடிக்குமோ அந்தப் பேரை எனக்கு வைத்துக்கொள்ளட்டும்.

சந்தோஷத்தில் சரி சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மேல் இருக்கிற ஆத்திரத்தில் சொல்கிறேன். நமக்குப் பாவு ஓட்ட வந்த நாளிலிருந்து ஒரு வருஷம், என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான்தான் முதலில் பேசினேன். "நம்பள்கி எதுக்கும்மா இந்த வம்பு, உங்க ஜனம் உடுவாங்களா" என்றான். நான்தான் விடாமல் பிடித்தேன். தெரியுமா உங்களுக்கு? இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வம்பு வேண்டாம் என்றவன் கடைசியில் வம்பு இல்லாமலே ஒதுங்கிக்கொண்டான், நான் மாட்டிக்கொண்டேன்.

தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அவனைச் சபிக்கிறேன். அவன் வாழ்க்கை விளங்காது. அவன் மண்ணாய்ப் போக. அத்தை வாயைப் பொத்துகிறாள். அவளுக்கு எதற்கு அவன் மேல் இத்தனை கரிசனம் என்று தெரியவில்லை.

விருத்தாம்பாள்


தேசூர்
9-5-79

ஜெயவேலுக்கு,

பலராமன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கணக்குப்பிள்ளை வீட்டார் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதாம். பூ வைக்க நாள் கேட்கிறார்கள். உன் தங்கை தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் போனதும் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பையனை வைய ஆரம்பித்தாள். மண்ணாய்ப் போக என்கிறாள். போய்விட்டான் என்று தெரிந்த நான் எதிரில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை புடவையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

நீ மறைக்கச் சொன்னாய், மறைத்தேன். துக்கத்தை ஆற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் ஏமாற்றிவிட்டான் என்று நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக உயிரை விட்டவன் அவள் வாயாலேயே வசவு வாங்குகிறான். இதற்கு ஒரு மனுஷன் துணை போக முடியுமா? உன் அப்பா வைக்கோலைக் கொளுத்தினார். நீ அதைவிட மோசமான காரியம் செய்திருக்கிறாய்.

இன்னும் பத்துப் பதினைந்து நாள் பார்ப்பேன். நீயே நேரில் வந்து அவளிடம் சொல். வராவிட்டால் நான் சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும் சொல்லுவேன், நீ அக்கரையில் அவனைப் பார்த்ததையும் சேர்த்து.

பலராமன்


தேசூர்
2-6-79

ஜெயவேல்,

மாமா சொல்லிவிட்டார். நீ வருவாய் என்று பத்து நாள் அவர் பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் நின்றார். நீ வரவில்லை.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். தீட்டு என்று எழுதினாய், பங்காளிகள் என்று எழுதினாய், வெயில் என்று எழுதினாய், அண்ணிக்குச் சாப்பாடு இறங்குகிறது என்று எழுதினாய். அவன் செத்து இரண்டு மாதம் ஆன பிறகு, நீ நினைத்தது போலத்தான் என்று வைத்துக்கொள் என்று எழுதினாய். உன் கை எப்படி ஓடியது?

அக்கரையில் நின்றவனைக் கண்ணால் பார்த்தாய். என் கடிதம் உன் இடுப்பில் இருந்தது. ஆற்றில் தண்ணீரும் இல்லை, முழங்கால் நனையாமல் நடந்து போகலாம். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். நீ பந்தியில் உட்கார்ந்து என் கருமாதிச் சோற்றைச் சாப்பிட்டாய். வடை எத்தனை சாப்பிட்டாய்?

அப்பா மேல் எனக்கு இத்தனை கோபம் இல்லை. அவர் ஜாதிதான் பெரிசு என்று வெளிப்படையாகச் சொன்னார். வெட்டுவேன் என்றார். அவரிடம் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். உன்னிடம் இல்லை. என் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லி என் உயிரையும் அவன் உயிரையும் வாங்கி உன் மடியில் கட்டிக்கொண்டாய். அதை வெளியே எடுக்க உனக்குக் கூச்சம். பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்களோ.

இரண்டு மாதம் நான் அவனைச் சபித்தேன். அந்தச் சாபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? அதற்கு என்ன சடங்கு இருக்கிறது, உன் பெரியவர்களைக் கேட்டு எழுது.

கணக்குப்பிள்ளைக்கு மாமா சொல்லியனுப்பிவிட்டார். நான் சேவூருக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை.

விருத்தாம்பாள்


சேவூர்
6-6-79

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம் விசாரிக்கத் தகுதி இல்லாதவன். இருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன்.

நீ எழுதியதில் ஒரு வரிக்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இங்கே வராதே. முனியம்மா இப்போது ஒருவிதமாகத் தேறி நடவுக்குப் போய்வருகிறாள். தன் மகன் ஒரு பெண் மேல் வைத்த ஆசைக்காக அவள் பின்னாலேயே போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டு அதிலே ஒரு ஆறுதல் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் சாகவே இல்லை என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார். அந்தத் தெரு சும்மா இருக்குமா? எங்கள் வீட்டைக் கொளுத்துவார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வருகிறது. அண்ணிக்கு இது எட்டாம் மாதம்.

நீ எங்கே வேண்டுமானாலும் இரு, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். செத்தவளாகவே இருந்துவிடு. எல்லோருக்கும் அதுதான் நல்லது. உன் அண்ணனாக இதுவே நான் கடைசியாகக் கேட்பது.

ஜெயவேல்


சேவூர்
15-6-79

ஜெயவேல்,

விருத்தாம்பாள் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் வந்ததை நீ பார்த்திருப்பாய். பட்டப்பகலில், பஸ்ஸை விட்டு இறங்கி, வேண்டுமென்றே நம் தெரு வழியாகத்தான் நடந்தேன். ஒருவர் கண்ணிலும் நான் படவில்லை. அல்லது எல்லார் கண்ணிலும் பட்டேன், யாரும் பார்க்கவில்லை. என்னோடு படித்தவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். காரியம் செய்தாகிவிட்டதே, செத்தவளைப் பார்த்தால் குற்றம் அல்லவா. அப்பா தறியில் இருந்தார். ஜன்னல் வழியாக ஒரு முறை நிமிர்ந்தார். பிறகு தலையைக் குனிந்து நெய்ய ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலி வருகிறது என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. நெஞ்சு இருந்தால்தானே.

முனியம்மா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. முதலில் என் கால்களைப் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. பிறகு கிட்டே வந்து என் கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். அடிப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அடி வாங்கத்தான் போனேன் என்றும் சொல்லலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல், சடையன், ராமதாஸ், உன் இடுப்பில் இருந்த கடிதம், நான் விட்ட சாபம், ஒன்றையும் விடவில்லை. தெரு ஜனம் சுற்றி நின்று கேட்டது. உன் வீட்டைக் கொளுத்துவார்கள் என்று எழுதியிருந்தாயே. ஒருத்தரும் ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. சடையன்தான் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான். "எம் வாயாலதான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். நீ செய்யாததை அவன் செய்தான்.

முனியம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"நீ உசுரோட கீறியே, அப்ப எம் புள்ள எதுக்கும்மா செத்தான்?"

அவள் என்னை வையவில்லை. அம்மா போட்டுத்தான் கேட்டாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டாள். மகன் செத்ததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அது நான் செத்தது. அதையும் நான் வந்து பிடுங்கிக்கொண்டேன். இதில் ஒன்று நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அந்தப் பொய்யை அவளுக்கு ஆறுதலாகக் கொடுக்க நீ யார்?

என்னைப் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இருக்கிறேன். காலையில் அவளோடு நடவுக்குப் போகிறேன். எனக்குச் சேற்றில் நிற்கத் தெரியவில்லை, விழுகிறேன், அவள் தூக்கி விடுகிறாள். சோறு போடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் அதே கேள்வியைக் கேட்கிறாள். கோபமே இல்லாமல், நேற்றைக்குக் கேட்டதை மறந்துவிட்டவள் போலக் கேட்கிறாள். ஜாதிக்காக என்று சொல்லிப் பார்த்தேன். தீட்டுக்காக என்றேன். என் அண்ணனுடைய கூச்சத்துக்காக என்றேன். அதெல்லாம் ஒரு உயிருக்குக் காரணமா என்பது போல என் முகத்தையே பார்க்கிறாள்.

நீ சொல். உன்னிடம்தான் பதில் இருக்க வேண்டும். களத்து மேட்டைத் தாண்டினால் இந்த வீடு வந்துவிடும்.

பதில் எழுதாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நேரில் வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

விருத்தாம்பாள்